ரூஃப் கான்கிரீட்டில் கெமிக்கல் கலக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மேடவாக்கத்தில் வீடு கட்டுகிறீர்கள், சித்திரை கடைசியில் ரூஃப் கான்கிரீட். மேஸ்திரி, “கெமிக்கல் ஒரு கேன் வாங்கி வெச்சிடுங்க சார்” என்கிறார். மாமனார், “சிமென்ட்டுல மருந்து கலந்தா பலம் போயிடும் மாப்பிள்ளை, நாங்கல்லாம் எதைக் கலந்தோம்?” என்கிறார். பக்கத்து மனைக்காரர் வாட்டர்ப்ரூஃப் லிக்விடும் ஃபைபரும் போடச் சொல்கிறார். ரெடிமிக்ஸ், அதாவது பிளான்ட்டில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட், விற்க வந்தவர், “எல்லாம் உள்ளேயே இருக்கு சார்” என்று சொன்னாரே தவிர என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. இதில் யார் சொல்வது சரி, கெமிக்கல் போட்டால் கான்கிரீட்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னையைச் சுற்றி ரெடிமிக்ஸ் பிளான்ட் லேப்களில் பல வருஷம் க்யூப், அதாவது பலம் பார்க்கிற கான்கிரீட் கட்டை, வார்த்து உடைத்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நாலு பேரும் பாதி சரி. ஆனால் நாலு பேரும் பேசுவது நாலு வேறு வேறு பொருளைப் பற்றி. கெமிக்கல் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோமே ஒழிய, சைட்டில் அந்தப் பெயரில் வருவது ஏழெட்டு வகை. ஒன்று கலவையை இளக்கும், ஒன்று இறுகுவதைத் தள்ளிப்போடும், ஒன்று அவசரப்படுத்தும். காய்ச்சலுக்கும் மருந்து, பேதிக்கும் மருந்து, எந்த மருந்து என்று கேட்காமல் நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது?

மாமனாருக்கு ஒரு பதில் முதலில். அவர் தலைமுறை எதையும் கலக்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம், அவருடைய தாத்தா தலைமுறை நன்றாகவே கலந்தது. மயிலாப்பூரிலும் எழும்பூரிலும் இன்னும் மிச்சமிருக்கிற மெட்ராஸ் டெரஸ் வீடுகளை அண்ணாந்து பாருங்கள், தேக்கு மர உத்திரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்துப் போட்ட தளம். அந்தச் சுண்ணாம்புக் கலவைக்குக் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுப் புளிக்க வைத்த தண்ணீரைத்தான் விட்டார்கள். சுவர்ப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு வரை போனது. வெல்லத்தில் இருக்கும் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கும், அதனால் கலவை வழுவழுப்பாகிப் பிடிமானம் கூடும். அதே வெல்லத்தைச் சிமென்ட்டில் போட்டால் கதையே வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் கெமிக்கலைப் பற்றிப் பேச முடியாது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து ஒரு புதுப் பொருளாக மாறுகிறது, அந்தப் புதுப் பொருள்தான் ஜல்லியையும் மணலையும் சேர்த்துப் பிடிக்கிற பசை. ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமென்ட் முழுதாக வினைபுரிய ஏறக்குறைய 20 லிட்டர் தண்ணீர் போதும், அதிலும் வேதியியலாகக் கட்டுப்படுவது 11, 12 லிட்டர்தான், மீதி அந்தப் பசையின் நுண்ணிய இடைவெளிகளில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் 20 லிட்டர் விட்டுக் கலந்தால் கலவை உதிரி உப்புமா மாதிரி இருக்கும், கம்பிக்கு இடையில் இறங்காது, தூக்கிப் போடுகிற சித்தாள் திட்டுவார். அதனால் சைட்டில் சர்வ சாதாரணமாக 28, 30 லிட்டர் விடுகிறார்கள். அந்த மிச்ச 10 லிட்டருக்கு உள்ளே வேலையே கிடையாது. கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஆவியாகிப் போகும், போகும்போது அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைதான், ஆனால் பலம் குறைவதும், மழைத் தண்ணீர் இறங்குவதும், உப்புக் காற்று கம்பி வரை போவதும் எல்லாம் அந்த வழியாகத்தான். தண்ணீருக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள விகிதம்தான் பலத்தைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே சொல்லிவிட்டார். 0.45-ல் இருக்க வேண்டிய விகிதம் 0.6-க்குப் போனால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

உங்கள் மேஸ்திரி கேட்கிற கேன் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. அநேகமாக அவர் கேட்பது பிளாஸ்டிசைசர் அல்லது சூப்பர்பிளாஸ்டிசைசர். சிமென்ட் துகள்கள் தண்ணீரில் விழுந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகச் சேரும், கொதிக்கிற தண்ணீரில் ரவையை அவசரமாகக் கொட்டினால் கட்டி தட்டுமே, அதே மாதிரி. அந்தக் கட்டிகளுக்கு நடுவே ஒரு பங்குத் தண்ணீர் சிறைப்பட்டுப் போகிறது. கலவை இளகுவதற்கு அது உதவுவதில்லை, அதனால்தான் வெளியிலிருந்து இன்னும் தண்ணீர் கேட்கிறது. சூப்பர்பிளாஸ்டிசைசர் செய்வது அந்தக் கட்டியை உடைப்பது, அவ்வளவுதான். புதிதாக எந்தப் பலத்தையும் அது கொண்டுவருவதில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீரை விடுவிக்கிறது.

நம்பிக்கை இல்லை என்றால் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு பழைய டம்ளரில் 100 கிராம் சிமென்ட், 30 மில்லி தண்ணீர், ஒரு குச்சியால் கலக்குங்கள். கொழுக்கட்டை மாவு பதத்தில் இறுக்கமாக இருக்கும், டம்ளரைக் கவிழ்த்தால்கூட சட்டென்று விழாது. இப்போது அந்தக் கேனிலிருந்து ஒரு கிராம் அளவு, கால் ஸ்பூனுக்கும் குறைவு, விட்டு மறுபடி கலக்குங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. அரை நிமிஷத்தில் குச்சி திடீரென்று லேசாகும், ஒரு நிமிஷத்தில் தோசை மாவு மாதிரி வழியும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூட்டவில்லை. லேபுக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான், ஒவ்வொருத்தரும் டம்ளரை வாங்கி இன்னொரு தடவை கலக்கிப் பார்ப்பார்கள். (கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிமென்ட் தோலை அரிக்கும்.)

இதில் பழைய வகை லிக்னோசல்ஃபோனேட், காகித ஆலையில் மரக்கூழ் காய்ச்சும்போது மிஞ்சுகிற கழிவிலிருந்து வருவது. 5 முதல் 10 சதவீதம் வரை தண்ணீரைக் குறைக்கும். அப்புறம் ஜப்பானில் 1960-களில் நாஃப்தலீன் வகை வந்தது, கரும்பழுப்பு நிறம், 15 முதல் 25 சதவீதம் குறைக்கும். சிமென்ட் துகள்கள் மேல் படிந்து எல்லாவற்றுக்கும் நெகட்டிவ் மின்னேற்றம் கொடுத்துவிடும், ஒரே மின்னேற்றம் என்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். 1980-களில் அதே ஜப்பானிலிருந்து வந்தது பாலிகார்பாக்சிலேட், சைட்டில் பிசிஇ என்பார்கள். அதன் மூலக்கூறு சீப்பு மாதிரி. அடிப்பக்கம் துகளில் ஒட்டிக்கொள்ளும், பற்கள் வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துத் துகளை நெருங்கவிடாது. 30 சதவீதத்துக்கு மேலும் தண்ணீரைக் குறைக்கும், இளக்கமும் கூடுதல் நேரம் நிற்கும். உயரமான கட்டடங்களுக்குப் பம்ப் வைத்து ஏற்றுகிற கான்கிரீட்டில் இப்போது பெரும்பாலும் இதுதான்.

இப்போது உங்கள் மாமனாரின் சந்தேகத்தில் இருக்கிற நியாயத்தைச் சொல்கிறேன். மிச்சமாகிற தண்ணீரை மூன்று விதமாகச் செலவு பண்ணலாம். தண்ணீரைக் குறைத்து, சிமென்ட்டை அப்படியே வைத்தால் பலமும் ஆயுளும் கூடும். தண்ணீர், சிமென்ட் இரண்டையும் அப்படியே வைத்தால் கலவை நன்றாக ஓடும், நெருக்கமான கம்பிக்குள் தேன்கூடு மாதிரி பொந்து விழாமல் இறங்கும். மூன்றாவது வழி, தண்ணீரையும் சிமென்ட்டையும் சேர்த்துக் குறைப்பது. ஒரு கன மீட்டருக்கு 190 லிட்டர் தண்ணீரும் 380 கிலோ சிமென்ட்டும் போட்ட இடத்தில் 160 லிட்டரும் 320 கிலோவும். விகிதம் அதே 0.5, க்யூப் உடைத்தால் பலமும் ஏறக்குறைய அதே. 60 கிலோ, அதாவது ஒரு மூட்டைக்கு மேல் மிச்சம். வியாபாரிக்கு எந்த வழி பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இது திருட்டும் இல்லை, சிமென்ட் குறைந்தால் சூடும் சுருக்கமும் குறையும், நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு நடுத்தரச் சூழலில் குறைந்தது எம் 25 என்கிற பலத் தரம், கன மீட்டருக்கு 300 கிலோ சிமென்ட், அதிகபட்சம் 0.50 விகிதம் என்கிறது. கடலோரச் சூழல் என்றால் எம் 30, 320 கிலோ, 0.45. மேடவாக்கத்துக்கு முதலாவது போதும், திருவான்மியூரில் கடலைப் பார்த்த மாதிரி கட்டுகிறவர் இரண்டாவதைவிட்டு இறங்கவே கூடாது.

அடுத்தது ரிட்டார்டர், இறுகுவதைத் தள்ளிப்போடுவது. சென்னையில் நல்லதும் கெட்டதும் அதிகம் செய்வது இதுதான் என்பேன். கத்திரி வெயிலில் சிமென்ட் வேகமாக இறுகும். பிளான்ட் ஒரு மூலையில், உங்கள் சைட் இன்னொரு மூலையில், நடுவில் வேளச்சேரி டிராஃபிக். ரெடிமிக்ஸுக்கான ஐஎஸ் 4926 லோடு ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கச் சொல்கிறது, ரிட்டார்டர் போட்டிருந்தால் அந்த நேரம் நீளலாம். அதனால் இங்கே ரிட்டார்டர் இல்லாமல் லாரியே கிளம்பாது. பெரும்பாலும் சூப்பர்பிளாஸ்டிசைசரிலேயே அதையும் சேர்த்து ஒரே திரவமாகத் தந்துவிடுகிறார்கள்.

உள்ளே இருப்பது என்ன என்று பார்த்தால் உங்கள் மாமனாரின் தாத்தா சிரிப்பார், முக்கால்வாசி சர்க்கரையின் சொந்தக்காரர்கள். குளுக்கோனேட், சிட்ரிக் அமிலம், டார்டாரிக் அமிலம். சாதாரணச் சீனியே போதும், சிமென்ட் எடையில் 0.05 சதவீதம், அதாவது மூட்டைக்கு 25 கிராம் சேர்த்தால் இறுகுவது ஏறக்குறைய நாலு மணி நேரம் தள்ளிப்போகும். 0.2 சதவீதம், மூட்டைக்கு 100 கிராம் என்று போனால் இறுகுவதே நின்றுபோகலாம். சிமென்ட் துகளின் மேல் புதுப் பசை முளைக்கிற இடத்தில் சர்க்கரை போய் உட்கார்ந்துகொள்கிறது, முளையே எழும்புவதில்லை. லாரி நடுவழியில் பிரேக்டவுன் ஆகி டிரம் நின்றுவிட்டால் உள்ளே சீனி மூட்டையைக் கொட்டுவார்கள், கேட்டிருப்பீர்கள். ஆறு கன மீட்டர் பாறையை டிரம்முக்குள் உட்கார்ந்து உடைப்பதைவிடச் சீனி மலிவு.

இதில் நானே மாட்டிய ஒரு கதை. ஓஎம்ஆர் பக்கம் ஒரு கட்டடம், ராத்திரி தளம் போட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு சைட் இன்ஜினியர் போன், “சார், இன்னும் செட் ஆகலை.” வெயில் ஏறட்டும் என்றேன். மதியமும் அதே. நேரில் போனேன். ஓரமாக ஒரு பலகை போட்டு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் கட்டை விரலைத் தளத்தில் அழுத்தி எடுத்தார். ரேகை தெரிகிற அளவுக்குப் பதிந்தது, ஓரத்தில் லேசாக ஈரமும் கசிந்தது. மேலே மட்டும் வெயிலில் காய்ந்து பொருக்கு தட்டியிருக்கிறது, கீழே களிமண் பதம். பிளான்ட்டுக்கு வந்து பார்த்தால் அட்மிக்சர், அதாவது இந்தக் கெமிக்கல், அளக்கிற பம்ப்பின் அளவு மாறியிருந்தது, சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு போயிருக்கிறது. கான்ட்ராக்டர் வாரிக் கொட்டிவிடலாம் என்று ஆளைக் கூட்டிவிட்டார். நான் செய்யச் சொன்னது இரண்டுதான், யாரும் மேலே ஏறக் கூடாது, ஈரக் கோணியும் பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டு மூடி வையுங்கள். மூன்றாம் நாள் காலை இறுகிவிட்டது. 7 நாள் க்யூப் பரிதாபம், 28 நாள் க்யூப் தேறியது. ரிட்டார்டர் கூடினால் பலம் சாவதில்லை, தூங்குகிறது. தூங்குகிற நேரத்தில் அது காய்ந்துபோகாமலும் அசையாமலும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் அந்த மூன்று நாள் நான் தூங்கவில்லை.

அவசரப்படுத்துகிற கெமிக்கல் எதிர் வகை. சீக்கிரம் சென்ட்ரிங் பிரிக்கலாம், வாடகை மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். குளிர் நாட்டுக்காரர்களுக்கு இது அவசியம், நமக்கு மே மாதத்தில் எதற்கு? அதைவிட முக்கியமான விஷயம், இதில் மலிவானதும் பழையதும் கால்சியம் குளோரைடு. கம்பி போட்ட கான்கிரீட்டில் அது கூடவே கூடாது. கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம், அதனால் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாகி அது துருப்பிடிக்காமல் இருக்கிறது. குளோரைடு போய் அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துரு, இரும்பைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும், சில சமயம் அதற்கு மேலும், உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டை உரித்துப் போடும். பெசன்ட் நகரில் பழைய அடுக்குமாடிகளின் பால்கனிக்கு அடியில் பாருங்கள், கம்பி எலும்பு மாதிரி தெரியும். கடல் காற்று வெளியிலிருந்து வருஷக்கணக்கில் செய்கிற வேலையை நாம் காசு கொடுத்து முதல் நாளே உள்ளே வைக்கிறோம், கால்சியம் குளோரைடு போடுவது அதுதான். கம்பி போட்ட கான்கிரீட்டில் மொத்தமே கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது ஐஎஸ் 456 கணக்கு. சிமென்ட், மணல், தண்ணீர், கெமிக்கல் எல்லாவற்றிலிருந்தும் வருவதைச் சேர்த்து. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற ஏரியா என்றால் லேபில் கொடுத்துப் பாருங்கள், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கலவைக்கு ஆகாது. அவசரம் தவிர்க்க முடியாத இடத்துக்குக் குளோரைடு இல்லாத வகைகள் இருக்கின்றன, கால்சியம் நைட்ரேட் மாதிரி. வீட்டு ரூஃபுக்கு அதுவும் வேண்டாம்.

அப்புறம் சாம்பல். ஃப்ளை ஆஷ் என்றாலே நம் ஊரில் எண்ணூர் ஞாபகம் வரும், கொசஸ்தலை ஆற்றில் கலந்த சாம்பல் ஞாபகம் வரும், அதனால் ‘சாம்பல் கலந்த சிமென்ட்’ என்றதும் முகம் சுளிக்கிறார்கள். ஆற்றில் போனால் கேடு, கான்கிரீட்டில் போனால் நன்மை, இப்படி ஒரு பொருள். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரியும்போது புகையோடு போகிற தூள், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டைகள். உருண்டை என்பதால் கலவை உருண்டு ஓடும், தண்ணீர் குறைவாகக் கேட்கும். சிமென்ட் வினைபுரியும்போது பசையோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகிறது, அது பலத்துக்கு உதவாத பொருள், தண்ணீரில் கரைந்து போகக்கூடியது. சாம்பலில் இருக்கும் சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து அதையும் பசையாக மாற்றுகிறது. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து ரோமானியர்கள் செய்ததும் இதேதான், சாம்பல் வந்த இடம் மட்டும் வேறு.

ஆனால் இந்த வேலை மெதுவாக நடக்கும். சுண்ணாம்பு முதலில் உண்டாக வேண்டும், அப்புறம்தான் சாம்பலுக்கு வேலை. அதனால் 7 நாளில் பலம் குறைவாகவும், 28-ல் சமமாகவும், 56, 90 நாளில் சாதா சிமென்ட்டை மிஞ்சியும் நிற்கும். இரண்டு விஷயம் இதிலிருந்து கவனிக்க வேண்டும். நீங்கள் கடையில் வாங்கும் பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமென்ட், மூட்டையில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் சாம்பல் இருக்கிறது, சைட்டில் யாராவது மேற்கொண்டு சாம்பல் கலக்கிறேன் என்றால் விரட்டிவிடுங்கள். இன்னொன்று, சாதா சிமென்ட்டுக்கு 7 நாள் கியூரிங், அதாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பது, குறைந்தபட்சம், வெயில் காலத்திலும் சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கும் குறைந்தது 10, முடிந்தால் 14. இதைச் செய்யாமல் பிபிசியைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. தீ மூட்டாத அடுப்பில் சோறு வேகவில்லை என்று அரிசியைத் திட்டுகிற கதை. தளத்தைத் தாங்குகிற முட்டுக் கட்டையும் அப்படித்தான், சாதா சிமென்ட்டுக்கே 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது ஐஎஸ் 456, பிபிசி என்றால் இன்னும் சில நாள் விட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இரும்பாலைக் கசடு தூள், ஜிஜிபிஎஸ் என்பார்கள், இதன் அண்ணன். பாதிக்கு மேலும் சிமென்ட்டுக்குப் பதிலாகப் போடலாம், உப்பை உள்ளே விடாமல் தடுப்பதில் கெட்டிக்காரன், கடலோர வேலைக்கும் கனமான அஸ்திவாரத்துக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். சிலிக்கா ஃப்யூம் சிமென்ட்டைவிட ஏறக்குறைய நூறு மடங்கு நுண்ணியது, 5, 10 சதவீதத்துக்குள் பலத்தை எங்கேயோ கொண்டுபோகும், ஆனால் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும், சூப்பர்பிளாஸ்டிசைசர் இல்லாமல் கிட்டே போக முடியாது. வீட்டுக்குத் தேவையே இல்லை. காற்றுக் குமிழி உண்டாக்குகிற கெமிக்கல் பனி உறைகிற ஊர்க்காரர்களுக்கு, நம் ஊரில் அதைப் போட்டால் ஒரு சதவீதக் காற்றுக்கு ஐந்து சதவீதம் பலம் போவதுதான் மிச்சம்.

பக்கத்து மனைக்காரர் சொன்ன வாட்டர்ப்ரூஃப் லிக்விட். மூட்டைக்கு 200 மில்லி என்று பல கேன்களில் எழுதியிருக்கும். சில வகைகள் வெறும் இளக்கிதான், தண்ணீரைக் குறைத்து ஓட்டையைக் குறைக்கும். சில வகைகளில் ஸ்டியரேட் இருக்கும், நுண்ணிய ஓட்டைகளின் சுவரில் மெழுகு பூசிய மாதிரி ஒரு படலம், தண்ணீர் தாமரை இலை மேல் மாதிரி ஒட்டாமல் நிற்கும். பாத்ரூமில் தாழ்த்திப் போடுகிற சன்கன் தளத்துக்கும் சம்ப்புக்கும் போடலாம், தப்பில்லை. ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்கு வைத்தியம், வெடிப்புக்கு இல்லை. தளம் ஒழுகுகிற வீடுகளில் பத்துக்கு எட்டு நான் பார்த்த வரையில் வெடிப்பாலும், தேன்கூட்டாலும், சரிவு சரியாக இல்லாமல் தண்ணீர் தேங்குவதாலும்தான் ஒழுகுகிறது. அதற்கு லிக்விட் என்ன செய்யும், பாவம்.

ஃபைபர் பற்றி என் கருத்து கொஞ்சம் கூடுதலாக நல்லது. பாலிப்ரோப்பிலீன் நூல், 12 மில்லிமீட்டர் நீளம், கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்தில், அது இன்னும் இளசாக இருக்கும்போது, வெயிலும் காற்றும் மேல் ஈரத்தை உறிஞ்சினால் மேல்பக்கம் சுருங்கிக் கீறல் விடும், ஏரி வற்றினால் தரை வெடிப்பது போல. அந்தக் கீறலை இந்த நூல் இழுத்துப் பிடிக்கும். சித்திரையில் ரூஃப் போடுகிற உங்களுக்கு இது உதவும். கம்பிக்குப் பதில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கலவைக்குள் தூவிப் பிரித்துப் போட வேண்டும், பாக்கெட்டோடு கவிழ்த்தால் பஞ்சு உருண்டையாக நிற்கும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும், பெரும்பாலான கேன் விற்பனையாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு சிமென்ட்டோடு அருமையாகப் பழகுகிற கெமிக்கல் இன்னொரு சிமென்ட்டோடு முறைத்துக்கொள்ளும். பத்து நிமிஷம் இளகி நின்றுவிட்டுப் பதினோராவது நிமிஷம் கல்லாகிவிடும். இப்போது ஆற்று மணலுக்குப் பதில் எல்லாம் எம் சாண்டு, பாறையை உடைத்துச் செய்கிற மணல். கழுவாத எம் சாண்டில் களிமண் தூசி இருந்தால் பிசிஇ அந்தக் களிமண்ணின் அடுக்குகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், சிமென்ட்டுக்கு மிச்சம் இருக்காது. கெமிக்கல் கூட்டிப் போட்டாலும் கலவை இளகாது, உடனே மேஸ்திரி “மருந்து டூப்ளிகேட் சார்” என்பார். மருந்து சரிதான், மணல்தான் அதைத் தின்றுவிட்டது. அதனால் ரூஃபுக்கு முதல் நாளே, அதே சிமென்ட், அதே மணல், அதே தண்ணீர் வைத்து ஒரு மூட்டைக் கலவை போட்டு ஒரு மணி நேரம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மூட்டைச் செலவில் பெரிய தலைவலி மிச்சம், அந்தக் கலவையை பாதையிலோ செப்டிக் டேங்க் மூடியிலோ போட்டுக்கொள்ளலாம்.

அளவு எப்போதும் சிமென்ட் எடையில் கணக்கு. ஐஎஸ் 456 வைத்திருக்கிற உச்சவரம்பு ரிட்டார்டருக்கு 0.5 சதவீதம், பிளாஸ்டிசைசருக்கு 1, சூப்பர்பிளாஸ்டிசைசருக்கு 2. கேனில் எழுதியிருப்பது அதற்கும் கீழேதான் இருக்கும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மூடியால் அளக்க வேண்டாம், கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். காய்ந்த சிமென்ட் மேல் நேராக ஊற்றக் கூடாது. முக்கால்வாசித் தண்ணீர் விட்டு மிக்ஸர் சுற்றிய பிறகு கடைசித் தண்ணீரோடு கலந்து விட்டு, இன்னும் இரண்டு நிமிஷம் சுற்ற வேண்டும். சைட்டில் நான் அதிகம் பார்த்த தப்பு, கெமிக்கலையும் போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் அதே 30 லிட்டரையும் விடுவது. ஜல்லி அடியில் போகும், சிமென்ட் பால் மேலே மிதக்கும், எல்லாரும் ‘கெமிக்கல் போட்டும் சரியில்லை’ என்பார்கள்.

உங்கள் ரூஃபுக்கு வருகிறேன். ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளம் என்றால் 12 கன மீட்டர், பீம் சேர்த்தால் மூன்று லாரி வரும். ரெடிமிக்ஸ்காரரிடம் மிக்ஸ் டிசைன் ஷீட் கேளுங்கள். சிமென்ட் எத்தனை கிலோ, சாம்பலோ கசடோ எத்தனை கிலோ, தண்ணீர் எத்தனை லிட்டர், அட்மிக்சர் என்ன வகை, எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரத்துக்கு இளக்கம் நிற்கும். தராதவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். அதிகாலையில் வரச் சொல்லுங்கள். லாரி வந்ததும் சிலிப்பில் லோடு நேரம் பார்க்க வேண்டும், ஸ்லம்ப் எடுக்கச் சொல்ல வேண்டும், அதாவது கூம்பில் கலவையை நிரப்பிக் கூம்பைத் தூக்கினால் கலவை எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு, பம்ப்புக்கு 100-லிருந்து 150 மில்லிமீட்டர் இருந்தால் போதும். இறுகி வந்திருந்தால் “அண்ணே, ஒரு ரெண்டு நிமிஷம் பைப்பை டிரம்ல விடுங்க” என்று பம்ப்காரர் டிரைவரிடம் சொல்வார், அங்கே நீங்கள் நிற்க வேண்டும். அந்த ரெண்டு நிமிஷத்தில் நூறு லிட்டர் போய்விடும், ஆறு கன மீட்டர் லாரியில் கன மீட்டருக்கு 17 லிட்டர், 0.50 விகிதம் 0.55-ஐத் தாண்டிவிடும். தண்ணீருக்குப் பதில் பிளான்ட் ஆள் கொண்டு வந்திருக்கும் அட்மிக்சரையே கொஞ்சம் விட்டு டிரம்மை வேகமாகச் சுற்றச் சொல்லுங்கள், ஒழுங்கான பிளான்ட் என்றால் ஆளும் இருப்பார், கேனும் இருக்கும். க்யூப் ஆறு உங்கள் முன்னால் வார்க்கச் சொல்லுங்கள்.

ரெடிமிக்ஸ் என்று முடிவு செய்தால் மேஸ்திரி கேட்கும் கேன் ரூஃபுக்கு வேண்டாம், உள்ளே இருக்கிற கெமிக்கலோடு இது சேர்ந்தால் ஓஎம்ஆர் கதைதான் உங்களுக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் சைட்டில் கலக்கிற லின்டலுக்கும் படிக்கட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தயாரித்த தேதி பார்த்து. பெரும்பாலும் ஒரு வருஷம் தாங்கும். வெயிலில் போட்டு வைக்காதீர்கள், எடுக்கும்போதெல்லாம் கேனை நன்றாகக் குலுக்குங்கள், அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும்.